ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே கார்: குறைந்த பணத்தில் வாங்க வடசென்னையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், கொளத்தூர், மாதவரம் பக்கத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேருக்குக் கூடவே போய் கார் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லோரும் கேட்டது ஒன்றுதான். வார நாட்களில் வேலைக்குப் போக வேண்டும், சில மாதத்துக்கு ஒரு முறை ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை பந்தய ட்ராக்கில் ஓட்ட வேண்டும், இரண்டுக்கும் ஒரே கார், கையில் பணம் குறைவு.

அவர்கள் தடுமாறிய இடங்களும் ஏறக்குறைய ஒன்றே. வரிசை மாறிவிடுகிறது. முதலில் ஒரு காரின் மேல் ஆசை வைத்து வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் பணத்தைக் கணக்குப் பார்க்கிறார்கள், கடைசியில் பிரேக்குக்கும் டயருக்கும் காசு இருப்பதில்லை. அதனால் இந்த வழிகாட்டியில் படிகளின் வரிசையைத்தான் முக்கியமாக வைத்திருக்கிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ட்ராக்கில் ஓடிய அதே கார்தான் அன்று சாயங்காலம் பூந்தமல்லி, மதுரவாயல் பைபாஸ், புழல் வழியாக 40 கிலோமீட்டருக்கு மேல் ஓடி உங்களை வீட்டில் சேர்க்க வேண்டும். மறுநாள் காலை எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து போக வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு தீர்ப்பும் இதிலிருந்து வருவதுதான்.

1. காரைப் பார்க்கும் முன் பணத்தைப் பிரியுங்கள்

கையில் 4 லட்சம் இருக்கிறது என்றால் 4 லட்சத்துக்குக் கார் தேடாதீர்கள். 2.75 லட்சத்துக்குத் தேடுங்கள். மீதியை நான் இப்படிப் பிரிப்பேன்: பெயர் மாற்றத்துக்கும் இன்சூரன்ஸுக்கும் 15,000, நான்கு டயருக்கு 28,000, பிரேக் வேலைக்கு 10,000, ஆயில், கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்), பெல்ட், மவுன்ட் (எஞ்சினைத் தாங்கும் ரப்பர்), புஷ் (சஸ்பென்ஷன் ரப்பர்) எல்லாவற்றுக்கும் சேர்த்து 20,000, ஹெல்மெட்டுக்கு 8,000. எஞ்சுவது 44,000. முதல் மூன்று மாதத்தில் பழைய கார் எதையாவது கேட்கும், அதற்காக அந்தப் பணம் அப்படியே கிடக்கட்டும்.

இந்தப் பிரிவினை ஏன் முதலில் வர வேண்டும் என்றால், கார் வாங்கிய பிறகு யாருக்கும் பிரேக் ஆயில் மாற்ற ஆசை வருவதில்லை. அலாய் வீல் மாட்டத்தான் கை போகும். என் தம்பியின் நண்பர் ஒருவர் இருந்த பணம் முழுவதையும் காரிலேயே போட்டுவிட்டு, ஆறு வருடப் பழைய டயரோடு ட்ராக்குக்குப் போனார். இரண்டாவது செஷனில் (ஒரே நாளில் ட்ராக்கில் இறங்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு செஷன்) முன் டயரின் ரப்பர் துண்டு துண்டாகப் பிய்ந்தது. அன்றைய கட்டணமும் போயிற்று, அந்த நாளும் போயிற்று.

2. கார் போய்விட்டால் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்

நம் ஊர் மோட்டார் இன்சூரன்ஸ் பாலிசிகளில் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் ஏற்படும் சேதம் விலக்கப்பட்டிருக்கும். தேய்மானம் கழிக்காமல் தரும் பம்பர் டு பம்பர் பாலிசி எடுத்திருந்தாலும் இதே கதைதான். ட்ராக் டே (கட்டணம் கட்டி நம் காரை ட்ராக்கில் ஓட்டும் நாள்) பந்தயம் இல்லையே என்று வாதாடிப் பணம் வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் காரை இறக்காதீர்கள். சுவரில் மோதினால் செலவு முழுக்க உங்களுடையது என்றே வைத்துக்கொள்ளுங்கள். தடுப்புச் சுவருக்குச் சேதமானால் யார் பணம் கட்ட வேண்டும் என்பதையும் நடத்துபவர்களின் நிபந்தனைத் தாளில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

அதனால் லோனில் வாங்கிய காரை ட்ராக்குக்குக் கொண்டு போக வேண்டாம் என்பேன். கார் உடைந்து கிடக்கும்போதும் தவணை மாதாமாதம் வந்து நிற்கும். வீட்டில் எல்லோருக்கும் இருக்கும் ஒரே கார் அதுதான், அப்பாவை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் அதில்தான் என்றால், இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்து சேர்த்து வையுங்கள்.

3. எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

பெட்ரோல், மேனுவல் கியர், எடை குறைவு, முன்பக்கம் காற்றோட்டமுள்ள டிஸ்க் பிரேக், அழுத்திப் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ். இந்த ஐந்தும் இருக்க வேண்டும். குதிரைத்திறன் இந்தப் பட்டியலிலேயே இல்லை. 85 பிஎஸ் (குதிரைத்திறனின் அளவு) போதும். இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டர் சுற்றில் புதியவர் இழக்கும் நேரம் பிரேக் பிடிக்கும் இடத்திலும் வளைவிலும்தான்.

எடையை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. பிரேக் செய்வது வேகத்தை வெப்பமாக மாற்றுவதுதான். எடை கூடக்கூட டிஸ்க்கில் சேரும் சூடு கூடும், டயர் தேய்மானம் கூடும், செலவும் கூடும். 900 கிலோ காரில் பல ட்ராக் நாள் வரும் பேடை (டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் கட்டை), 1,200 கிலோ கார் சீக்கிரமே தின்றுவிடலாம்.

டீசல் கார் மலிவாகக் கிடைக்கும், இழுவையும் நன்றாக இருக்கும். ஆனால் அதன் எஞ்சின் கனம். மூக்கில் பாரம் அதிகமானால் முன் டயர்தான் முதலில் அழும், வளைவில் கார் வெளியே போகப் பார்க்கும்.

ஆட்டோமேட்டிக்கில் ஏஎம்டி (மேனுவல் பெட்டியிலேயே கிளட்சையும் கியரையும் காரே மாற்றும் வகை) வேண்டாம். வளைவின் நடுவில் தானாகக் கியர் மாறி இழுவை அறுந்துபோகும். ஃபோக்ஸ்வாகன் கார்களில் வரும் ஏழு கியர், இரட்டை உலர் கிளட்ச் டிஎஸ்ஜி பெட்டியும் வேண்டாம். நம் ஊர் டிராஃபிக்கில் ஊர்ந்தாலே சூடாகும் பெட்டி அது, பழுதானால் காரின் விலையில் பாதியைக் கேட்கும்.

ஏபிஎஸ் பற்றி ஒரு எச்சரிக்கை. 2019 ஏப்ரலில் இருந்துதான் எல்லாப் புதிய கார்களுக்கும் அது கட்டாயம். அதற்கு முன் வந்த அடிப்படை வேரியன்ட்களில் பெரும்பாலும் இருக்காது. "ஸ்விஃப்ட் வாங்கினேன்" என்று சொல்வதில் பயனில்லை, எந்த வேரியன்ட் என்று பாருங்கள். சாவியைப் போட்டதும் டேஷ்போர்டில் ஏபிஎஸ் விளக்கு எரிந்து, சில நொடியில் அணைய வேண்டும். விளக்கே எரியவில்லை என்றால் ஒன்று அது இல்லை, இல்லாவிட்டால் பல்பைக் கழற்றிப் பழுதை மறைத்திருக்கிறார்கள்.

கேஸ் கிட் போட்ட வண்டியை விட்டுவிடுங்கள். பின்னால் சிலிண்டரின் கனம் இருக்கும். அதோடு ட்ராக்கில் அதை அனுமதிப்பார்களா என்ற கேள்வியும் வரும்.

4. மாடல்கள்: என் வரிசை

முதலிடம் 2011 முதல் 2017 வரை வந்த இரண்டாம் தலைமுறை மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோலுக்கு. 1.2 லிட்டர் கே12 எஞ்சின், 87 பிஎஸ், டைமிங் செயின், எடை ஏறக்குறைய 960 கிலோ. ஸ்டியரிங் தரும் உணர்வு நன்றாக இருக்கும். பாகம் எங்கும் கிடைக்கும், வியாசர்பாடியில் எந்தப் பட்டறைக்குப் போனாலும் கை வைக்கத் தெரிந்தவர் இருப்பார். ட்ராக்குக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வீல் பேரிங் சத்தம் போட்டால், மறுநாள் மாலைக்குள் மாற்றிவிட முடிகிற கார்தான் நமக்கு வேண்டும். 2018-ல் வந்த மூன்றாம் தலைமுறை இன்னும் எடை குறைவு. பணம் எட்டினால் அதை எடுங்கள்.

இரண்டாவது ஹோண்டா பிரியோ. 1.2 லிட்டர், 88 பிஎஸ், சின்ன உடம்பு. எஞ்சின் வேகமாகச் சுழலும்போது பாடும். நம் சந்துகளில் திருப்பவும் சுலபம். சந்தையில் குறைவாகத்தான் கிடைக்கும், பாகம் மாருதியை விட விலை அதிகம்.

மூன்றாவதாக ஃபோர்டு ஃபியஸ்டா 1.6 பெட்ரோல். ஓட்டுகிற சுகத்துக்கு இந்த விலையில் இதை அடிக்க ஆளில்லை. ஆனால் ஃபோர்டு இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டது, காரும் பழையது. வேறு வண்டி இருக்கிறவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

ஃபோக்ஸ்வாகன் போலோவில் 1.6 லிட்டர் 105 பிஎஸ் பெட்ரோல் அருமையான கார், நல்ல நிலையில் கிடைப்பதுதான் அரிது. மூன்று சிலிண்டர் 1.2 போலோ திடமான உடம்பு, ஆனால் 75 பிஎஸ்ஸுக்கு எடை அதிகம்.

மாருதி எஸ்டீமைப் பலர் கேட்கிறார்கள், நம் ஊர்ப் பந்தயங்களில் ஓடிய கார் என்பதால். உண்மைதான், எடை குறைவு, எஞ்சினும் துள்ளும். ஆனால் 2007-ல் நின்றுபோன கார் அது. 15 வருடம் தாண்டிய சொந்த காருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பிக்க வேண்டும், எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும். ஏபிஎஸ், ஏர்பேக் இல்லாதவைதான் பெரும்பாலும் கையில் கிடைக்கும். தினமும் ஓட்டும் காராக அதைப் புதியவருக்கு நான் சொல்ல மாட்டேன்.

5. நேரில் போகும் முன் பேப்பர்

விற்பவரிடம் ஆர்.சி. படத்தையும் இன்சூரன்ஸ் படத்தையும் அனுப்பச் சொல்லுங்கள். மத்திய அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் முடியும் நாள், ஹைப்பாதிகேஷன் (கார் மேல் இருக்கும் கடன்) எல்லாம் தெரியும். இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். செங்குன்றம் டி.என். 18, தண்டையார்பேட்டை டி.என். 03 என்று உள்ளூர் எண்ணாக இருந்தால் பெயர் மாற்ற அலைச்சல் குறைவு. வெளிமாநில வண்டி மலிவாகத் தெரிந்தாலும், தடையில்லாச் சான்று, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாம் சேர்ந்ததும் அந்த மலிவு கரைந்துவிடும்.

லோன் முடிந்துவிட்டது என்று வாயால் சொல்வது போதாது. வங்கியின் தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் கடனை நீக்கும் படிவம் 35-ம் கையில் இருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. முன்பணம் கொடுக்கும் முன்பே இவற்றைப் பார்த்துவிடுங்கள், பணம் கை மாறிய பிறகு விற்றவர் போனை எடுப்பது அவர் விருப்பம்.

மஞ்சள் போர்டில் டாக்சியாக ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகளும் வரும். ஆர்.சி. வரலாற்றில் அது தெரியும். ஓடோமீட்டர் என்ன சொன்னாலும் அந்த எஞ்சின் நிறைய ஓடியிருக்கும்.

6. வெள்ளமும் உப்பும்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்கிறேன். வடசென்னையில் கார் வாங்குபவருக்கு இரண்டு பகை உண்டு. ஒன்று 2015 டிசம்பர் வெள்ளமும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் தண்ணீரும். இன்னொன்று காசிமேடு முதல் எண்ணூர் வரை வருடம் முழுக்க வீசும் கடல் காற்று. புளியந்தோப்பு, பெரம்பூர், கொளத்தூர், மணலி என்று தண்ணீர் நின்ற தெருக்களில் நின்ற கார்கள், துடைத்துப் பாலிஷ் போட்டு இன்றும் விலைக்கு வருகின்றன. அவற்றில் பல வேறு பேட்டையில் போய் விற்கப்படுகின்றன என்பதால், விற்பவரின் முகவரியை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

முதலில் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடோ, சொரசொரப்போ, வேறு நிறமோ இருந்தால் தண்ணீர் அந்த உயரம் வரை ஏறியிருக்கிறது. சீட்டைக் கழுவுகிறவர்கள் பெல்ட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள்.

அடுத்து சீட்டுக்கு அடியில் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகள். உட்புறத்தில் இருக்கும் போல்ட் துருப்பிடிக்கக் காரணமே இல்லை. துரு இருந்தால் சந்தேகப்படுங்கள். கார்பெட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் இருக்கும் பஞ்சை அழுத்துங்கள். டிக்கியில் ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து, பின்களில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி மூடி, ஏ.சி.யை அணைத்து, பத்து நிமிடம் உள்ளே உட்காருங்கள். ஈர வாடை வந்தாலும் சரி, அதை மறைக்க அளவுக்கு மீறி சென்ட் வாடை வந்தாலும் சரி, எழுந்து வந்துவிடுங்கள்.

கொளத்தூர்ப் பிள்ளை ஒருவர், நான் ஊரில் இல்லாத வாரத்தில், பளபளவென்று இருந்த ஒரு காரைப் பேசி முடித்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து ஏபிஎஸ் விளக்கு எரிய ஆரம்பித்தது, அப்புறம் பவர் ஸ்டியரிங் விட்டு விட்டு வேலை செய்தது. வயரிங் சாக்கெட்டுகளுக்குள் பச்சை. ரோட்டில் அது தொல்லை, ட்ராக்கில் அது ஆபத்து. ஸ்டியரிங் எப்போது இறுகும் என்று தெரியாத காரை அவர் ட்ராக்குக்குக் கொண்டு போகவே இல்லை, நஷ்டத்துக்கு விற்றார்.

உப்புத் துருவுக்கு ஜாக்கி போட்டோ பட்டறையின் லிஃப்டில் ஏற்றியோ அடியில் பார்க்க வேண்டும். கதவுக்குக் கீழ் ஓடும் விளிம்பு, ஜாக்கி வைக்கும் இடம், சஸ்பென்ஷன் கைகள் உடம்போடு சேரும் இடம், பானெட்டைத் திறந்தால் ஸ்ட்ரட்டின் (ஸ்ப்ரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) மேல்முனை உட்காரும் கிண்ணம். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டுங்கள். டங்கென்று கேட்டால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே உதிர்கிறது. சைலன்சர் மேல் துரு பரவாயில்லை, அதை மாற்றிக்கொள்ளலாம். ஸ்ட்ரட் கிண்ணத்தில் துரு என்றால் என்ன விலைக்கும் வேண்டாம். வளைவில் காரின் பாரம் பெரிதும் அங்கேதான் ஏறுகிறது.

பிரேக் பைப்பையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். மேலே கறுப்புப் பூச்சு புதிதாக அடித்திருந்தால், ஏன் அடித்தார்கள் என்று கேளுங்கள்.

7. அடிபட்ட காரா என்று பாருங்கள்

டிங்கரிங் செய்து பெயின்ட் அடித்த பம்பரும் ஃபெண்டரும் நம் ஊரில் சகஜம், அதற்காகக் காரை ஒதுக்க வேண்டியதில்லை. ஒதுக்க வேண்டியது ஏப்ரனும் (எஞ்சின் அறையின் பக்கச் சட்டம்) பில்லரும் (கூரையைத் தாங்கும் தூண்) இழுத்துக் கட்டிய காரை. பானெட்டைத் திறந்து இரண்டு பக்க ஏப்ரனிலும் கம்பெனி வெல்டிங் புள்ளிகள் ஒரே இடைவெளியில் இருக்கின்றனவா என்று ஒப்பிடுங்கள். கதவு ரப்பரைக் கொஞ்சம் உரித்து, பில்லரில் அதே புள்ளிகளைத் தேடுங்கள். ஃபெண்டர் போல்ட்டுத் தலைகளில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் கழற்றியிருக்கிறார்கள். பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) அடைத்த இடத்தில் ஒரு சின்னக் காந்தம் சரியாக ஒட்டாது.

8. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள்

"நான் வரும் வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முந்தின நாளே சொல்லிவிட்டு, காலையில் போய் முதலில் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்க ஓட்டி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினில்தான் தட்டும் சத்தமும் நீலப் புகையும் வெளியே வரும்.

ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையில் மட்டும் திறந்து பாருங்கள். கூலன்ட்டின் நிறம் தெளிவாக இருக்க வேண்டும். நம் பக்கத்தில் கூலன்ட்டுக்குப் பதிலாக போர் தண்ணீரை ஊற்றும் பழக்கம் இருக்கிறது. உப்புத் தண்ணீர் எஞ்சினுக்குள் துருவை உண்டாக்கி ரேடியேட்டர் குழாய்களை அடைத்துவிடும். டிராஃபிக்கில் அது தெரியாது, ட்ராக்கில் ஐந்தாவது சுற்றில் தெரியும். பழுப்புத் தண்ணீர் இருந்தால் ரேடியேட்டர், வாட்டர் பம்ப் இரண்டின் விலையையும் கழித்துப் பேசுங்கள்.

எஞ்சின் சூடேறும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்த கார்களும் வரும். சூடாகிறது என்று போனால் சில மெக்கானிக்குகள் அதைத்தான் முதலில் செய்வார்கள். ஸ்டார்ட் செய்து ஓட்டியும் எஞ்சின் சூடேற ரொம்ப நேரம் எடுத்தால், அது இல்லை என்று அர்த்தம். ஏன் கழற்றினார்கள் என்பதுதான் நீங்கள் கவலைப்பட வேண்டிய கேள்வி.

பட்டறையில் கம்ப்ரெஷன் டெஸ்ட் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்ற சோதனை) எடுக்கச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் திருப்தி. காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் கையில் இருந்தால் மாட்டிப் பாருங்கள். பழுதுக் குறியீடு ஒன்றுமே இல்லை, ஆனால் காரே செய்துகொள்ளும் சோதனைகள் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டினால், சற்று முன்புதான் அழித்திருக்கிறார்கள்.

9. ஓட்டிப் பார்ப்பது

ஹெல்மெட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். யாரும் இதைச் செய்வதில்லை. சீட்டைச் சரி செய்து, ஹெல்மெட் போட்டு உட்கார்ந்து, தலை கூரையில் இடிக்கிறதா என்று பாருங்கள். உயரமான ஒருவர், சீட் உயரத்தை மாற்ற வசதியில்லாத ஒரு வேரியன்ட்டை வாங்கிவிட்டு, ட்ராக்கில் நாள் முழுக்கக் கழுத்தைச் சாய்த்தபடி ஓட்டினார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாதவரம் 200 அடிச் சாலை போன்ற இடம் போதும், வேக வரம்புக்குள்ளேயே எல்லாம் தெரிந்துவிடும். நான்காவது கியரில் 40-ல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். எஞ்சின் சுற்று மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது பல் கடிக்கும் சத்தம் வந்தால் சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமன்செய்யும் வளையம்) போயிருக்கிறது. ட்ராக்கில் அதிகம் செய்யும் வேலை அதுதான், கியர் பாக்ஸ் பிரித்தால் செலவு பெரிது. பின்னால் வண்டி இல்லாதபோது ஒரு முறை அழுத்திப் பிரேக் பிடித்து, கார் ஒரு பக்கம் இழுக்கிறதா, பெடல் அதிர்கிறதா என்று பாருங்கள்.

திரும்பி வந்ததும் அணைத்துவிடாதீர்கள். ஏ.சி.யைப் போட்டு இருபது நிமிடம் நின்ற இடத்தில் ஓடவிடுங்கள். ஃபேன் ஓடி ஓடி நிற்க வேண்டும், சூட்டுமுள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்.

10. வாங்கியதும் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்

முதல் வாரம் திரவங்கள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் நான்கும். பழைய ஓனர் எதை எப்போது ஊற்றினார் என்பது நமக்குத் தெரியாது, இன்று முதல் கணக்கு நம்முடையதாக இருக்கட்டும். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் பெல்ட்டும்.

பிரேக் ஆயில் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சென்னை மாதிரி கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஈரம் ஏறியபின் 140-க்கு இறங்கலாம். டாட் 4 புதிதில் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி உண்டாகும், குமிழி அமுங்கும், பெடல் தரையைத் தொடும், கார் நிற்காது. அதனால் டாட் 4 போட்டு, ட்ராக் நாளுக்கு முந்தின மாதத்துக்குள் மாற்றியிருக்க வேண்டும். டாட் 5 என்று ஒன்று கடையில் கண்ணில் பட்டால் எடுக்காதீர்கள், அது சிலிகான், இவற்றோடு சேராது. டாட் 5.1 வேறு, அது சேரும்.

அடுத்து பேட். முதல் ட்ராக் நாளுக்கு நல்ல கம்பெனி பேட், பாதிக்கு மேல் கனம் இருந்தால் போதும். பந்தய பேட் குளிர்ந்திருக்கும்போது சரியாகப் பிடிக்காது. காலையில் தெருமுனையில் குழந்தை குறுக்கே ஓடினால் முதல் பிரேக்கே பிடிக்க வேண்டும்.

பிறகு டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம். ஐந்து வருடம் தாண்டியதை ட்ராக்கில் ஓட்டாதீர்கள், ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். ஸ்விஃப்டில் 185/65 ஆர்15 அளவு எளிதாகக் கிடைக்கும், அதைத் தாண்டி 16, 17 அங்குலத்துக்குப் போக வேண்டாம். பெரிய வீல் கனம், டயர் விலை அதிகம், நம் ரோட்டுக் குழியில் ரிம் வளையும்.

கடைசியில்தான் வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). புஷ், பால் ஜாயின்ட் எல்லாம் மாற்றி முடித்த பிறகு. முதலிலேயே செய்தால் இன்னொரு முறை காசு கொடுக்க வேண்டும்.

11. தொடக் கூடாதவை

ஸ்ப்ரிங்கை வெட்டிக் காரைத் தாழ்த்தாதீர்கள். நம் பக்கத்து வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி உரசும். வெட்டிய ஸ்ப்ரிங் தன் இடத்தைவிட்டு நகரவும் கூடும். ரோட்டில் ஓடும் காரில் ரோல் கேஜ் (உள்ளே பொருத்தும் இரும்புக் குழாய்க் கூண்டு) போடாதீர்கள், ஹெல்மெட் இல்லாத தலைக்கு அந்தக் குழாயே எமன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. ஏற்கெனவே மாடிஃபை செய்த காரை வாங்குவதும் இதே சிக்கல்தான். செய்தவர் எதை எப்படி வெல்டிங் வைத்தார் என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

12. ட்ராக் நாளுக்கு முந்தின வாரம்

காரோடு வந்த டோ ஹூக் டிக்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய காரில் பெரும்பாலும் தொலைந்திருக்கும். ட்ராக்கின் ஓரத்து மணலில் சிக்கினால் இழுக்க அது வேண்டும். பேட்டரி கிளாம்ப் இறுக்கமாக இருக்க வேண்டும். வீல் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால், கார்ப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். ரெஞ்ச் மேல் ஏறி மிதித்து இறுக்கினால் ஸ்டட் இழுபட்டுவிடும்.

எஞ்சின் ஆயில் டிப்ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தொட்டபடி இருக்கட்டும், அதைத் தாண்ட வேண்டாம். நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். பெட்ரோலும் இதே காரணத்துக்காகப் பாதி டேங்குக்குக் குறையக் கூடாது.

முழுமுகம் மூடும் ஹெல்மெட், மூடிய ஷூ, முழுக்கை காட்டன் சட்டை, டிரைவிங் லைசென்ஸ், காற்றழுத்த மீட்டர், சின்ன ஏர் பம்ப், நிறைய தண்ணீர். எந்தத் தர முத்திரை உள்ள ஹெல்மெட்டை ஏற்பார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு வாங்குங்கள். மே மாத வெயிலில் முதல் முறை போகாதீர்கள், உங்களுக்கும் காருக்கும் தாங்காது. ஜனவரி, பிப்ரவரி நல்ல காலம்.

பழகிப் பார்க்கிறேன் என்று எண்ணூர் விரைவுச் சாலையில் இறங்கிவிடாதீர்கள். அங்கே விளக்கு இல்லாமல் நிற்கும் ட்ரெய்லர் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளைக் கொண்டு போயிருக்கிறது. ட்ராக் இருப்பதே அதற்காகத்தான்.

13. ட்ராக்கில்

போனதும் ஸ்டெப்னி, ஜாக்கி, தரை மேட், கதவுப் பையில் இருக்கும் தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து பேடாக்கில் (ட்ராக் ஓரம் கார்களை நிறுத்தும் இடம்) வையுங்கள். பிரேக் பெடலுக்குக் கீழே உருண்டு வந்த ஒரு பாட்டில் என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுபவர்களுக்குச் சைகை காட்டும் கொடிகள் பற்றிய விளக்கக் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள்.

டயரைக் குளிர்ந்த நிலையில் 30 பிஎஸ்ஐயில் ஆரம்பிக்கலாம். சூடேறியதும் 35, 36 என்று ஏறும். உள்ளே வந்தவுடன் அளந்து 33 அளவுக்கு இறக்குங்கள். முதல் செஷனில் வழியை மட்டும் படியுங்கள். அடுத்ததில் மூன்று சுற்று வேகமாக, ஒரு சுற்று மெதுவாக. பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினால், அந்தச் சுற்றிலேயே மெதுவாக்கி உள்ளே வந்துவிடுங்கள்.

உள்ளே வந்து நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் இழுக்காதீர்கள். பழக்க தோஷத்தில் எல்லோரும் இழுப்பார்கள். சூடான ட்ரம்மோடு ஷூ ஒட்டிக்கொள்ளும். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்தால் போதும். எஞ்சினை உடனே அணைக்காமல் ஃபேன் ஓடி நிற்கும் வரை விடுங்கள்.

14. வீட்டுக்குக் கிளம்பும் முன்

காற்று இறக்கிய டயரோடு ஹைவேயில் ஏறக் கூடாது. டயர் ஆறிய பிறகு, கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள். வீல் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்சால் பாருங்கள். வீல் சந்து வழியாக பேடின் கனத்தைப் பாருங்கள், 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் அடுத்த செஷனை விட்டுவிட்டு அதை வீட்டுக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் அளவு, கூலன்ட் அளவு, காருக்கு அடியில் ஏதாவது சொட்டியிருக்கிறதா. ஸ்டெப்னியைத் திரும்ப ஏற்ற மறக்காதீர்கள், ஒருவர் பேடாக்கிலேயே விட்டுவிட்டு வந்து மறுநாள் காலை அதற்காகவே போய் வந்தார்.

முதல் சில கிலோமீட்டர் ரேடியோ போடாமல், கண்ணாடியை இறக்கி, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட்டுங்கள். பூந்தமல்லி வருவதற்குள் புதிதாக ஏதாவது உறுமினால், பைபாஸில் ஏறும் முன் நிறுத்திப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அன்றைய காற்றழுத்தம், பேட் கனம், ஊற்றிய ஆயில், ஓடிய சுற்றுகள் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறீர்கள்.